சிப்பிப்பாறைக் குட்டிக்கு மான் தடம் பழக்கலாமா?

கேள்வி:

டாக்டர் ஐயா, எனக்குத் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் ஒரு கிராமம். இரண்டு ஏக்கர் கொல்லையில் மல்லாட்டையும் உளுந்தும் போடுகிறோம். விழுப்புரத்தில் தெரிந்தவர் ஒருவரிடமிருந்து மூன்று மாதச் சிப்பிப்பாறை ஆண் குட்டி வாங்கி வந்திருக்கிறேன்.

என் மச்சான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு காட்டில் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தார். குண்டு பட்டு ஓடிப்போன மானை மறுநாள் காலையில் ஒரு நாய் நீளக் கயிற்றில் மோந்துகொண்டே போய்க் கண்டுபிடிக்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. காரணம் இருக்கிறது. போன சித்திரையில் எங்கள் ஊர் ரோட்டில் ஒரு புள்ளிமான் மீது கார் மோதிவிட்டது. அது நொண்டிக்கொண்டே வேலிக்காத்தான் புதருக்குள் போய்விட்டது. நாலு பேர் ராத்திரி முழுக்க டார்ச் அடித்துத் தேடினோம், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காக்காய் கூட்டத்தை வைத்துத்தான் தெரிந்தது. அன்று இப்படி ஒரு நாய் இருந்திருந்தால்?

என் குட்டியை அப்படிப் பழக்க முடியுமா? எப்படி? ஊரில் ராத்திரி தலையில் லைட் கட்டிக்கொண்டு முயலுக்குப் போகிற பையன்கள் இப்போதே "நாய் வளரட்டும், எங்களோடு அனுப்பு, தானாகக் கற்றுக்கொள்ளும்" என்கிறார்கள். இன்னொன்று, குட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வீட்டில் ஆளுக்கொன்று சொல்லிக் கூப்பிடுகிறோம். நல்ல பெயராக நீங்களே சொன்னால் சந்தோஷம்.

– வாசகர், திண்டிவனம்

பதில்:

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அந்தப் பையன்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அவர்களோடு நாயை அனுப்பாதீர்கள். "சும்மா முயலுக்குத்தானே" என்பார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் பாதுகாப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அந்தச் சொல்லுக்குள் நிறைய அடைத்து வைத்திருக்கிறது. பிடிப்பது, துரத்துவது, கண்ணி வைப்பது, விரட்டுவது, காயப்படுத்துவது எல்லாம் வேட்டை. அதற்கு முயற்சி செய்வதும் வேட்டை. நாயை ஏவிவிட்டு, அது எதையும் பிடிக்காமல் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாலும் கணக்கு கணக்குதான்.

2022-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அபராதம் ஏறியிருக்கிறது. வெளிமான் மாதிரி முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். மற்ற பெரும்பாலான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போன பைக்கும் பறிமுதலாகும். நாய் யாருடையது என்ற கேள்வி வரும்போது பையன்கள் உங்கள் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள்.

சட்டத்தை விடுங்கள், நாயின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது கெட்டுப்போகிற வழி. ஒரே ஒரு ராத்திரி முயலைக் கண்ணால் பார்த்து, துரத்தி, வாயில் கவ்விய ருசி ஏறிவிட்டால், மூக்கைத் தரையில் வைத்து மெதுவாக நடக்கிற பொறுமை அந்தக் குட்டிக்கு அப்புறம் வரவே வராது. உங்கள் மச்சான் அனுப்பிய வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். அந்த நாய் எங்காவது ஓடுகிறதா? ஓடாது. கிழவர் மாதிரி நடக்கும். கயிறு ஒரு நிமிஷம்கூடக் கழுத்தை விட்டு இறங்கியிருக்காது. அந்தத் தொழிலே அதுதான்.

அங்கே இது எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். ஜெர்மனியில் மான் வேட்டை உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாம் கட்டி நடக்கிற காரியம். குண்டு பட்ட மான் சினிமாவில் போல அங்கேயே சாய்வதில்லை. நுரையீரலில் பட்டால் நுரை கலந்த வெளிர் ரத்தம் சிந்திச் சீக்கிரம் விழும். ஈரலில் பட்டால் கருஞ்சிவப்பாகச் சொட்டிக்கொண்டு வெகுதூரம் போகும். வயிற்றில் பட்டதென்றால் ரத்தமே அதிகம் இராது, பச்சையாகத் தீனி கலந்து ஏதோ ஒட்டியிருக்கும், மான் எங்காவது புதரில் படுத்து மணிக்கணக்கில் துடிக்கும். அப்படிப்பட்ட மானின் பின்னால் உடனே போனால் எழுந்து இன்னும் தூரம் ஓடிவிடும் என்பதால் வேண்டுமென்றே பல மணி நேரம் காத்திருந்து, பிறகு நாயோடு போகிறார்கள். சுட்டுவிட்டுத் தேடாமல் வீட்டுக்குப் போவது அங்கே வேட்டைக்காரருக்கே கேவலம். ஸ்வீடனில், காயம்பட்ட 2 மணி நேரத்துக்குள் தடம் பிடிக்கிற நாய் அந்த இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று விதியே உண்டு. ஜெர்மனியில் இதற்கென்றே ஹனோவர் நாய், பவேரிய மலை நாய் என்று இனங்களை வளர்த்தார்கள். நம் ஊரில் பணக்கார வீட்டுச் சோபாவில் படுத்திருக்கிற குட்டைக்கால் டேஷண்டும் இதில் கெட்டிக்காரன்தான். அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் 1978-இல் டீர் சர்ச் என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். காயம்பட்ட மானைக் கயிற்று நாயோடு தேடிக் கொடுப்பதுதான் அதன் வேலை.

ஜெர்மனியில் வைக்கிற பரீட்சை ஒன்றைக் கேளுங்கள், மலைப்பாக இருக்கும். 1000 மீட்டர் தடம். அதன்மேல் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான் சொட்டியிருப்பார்கள், இரண்டு டம்ளர் டீ அளவு. அதைப் போட்டு 20 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பனியும் காற்றும் அடித்து, நரியும் பன்றியும் குறுக்கே போய்வந்த தடம். நம் மூக்கில் வாடையை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். அது வெறும் ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை. மானின் குளம்புப் பிளவுக்குள் சுரப்பிகள் உண்டு, மிதிக்கிற இடத்திலெல்லாம் அந்தந்த மானின் வாடை ஒட்டிக்கொள்ளும். மிதிபட்ட புல், கிளறிய மண், பயத்தில் வந்த உடல் வாடை எல்லாம் சேர்ந்த ஒரு கலவையைத்தான் நாய் பின்தொடர்கிறது. உங்கள் ஊரில் கார் மோதிய மானுக்கு வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் போயிருக்கலாம், அடி உள்ளுக்குள்ளே. அப்படிப்பட்ட தடத்தையும் பழகிய நாய் எடுக்கும் என்பது இதனால்தான்.

அப்படியானால் நம் குட்டியைப் பழக்கி, அடிபட்ட மானைக் காப்பாற்றலாமே என்று தோன்றும். இங்கேதான் நான் கொஞ்சம் முகத்தைச் சுளிக்க வேண்டியிருக்கிறது.

அங்கே நாய் தேடுவது பெரும்பாலும் செத்த மானை, அல்லது கொன்று வேதனையைத் தீர்க்க வேண்டிய மானை. நீங்கள் தேடுவது பிழைக்க வேண்டிய மானை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நான் டாக்டராகப் பணியில் இருந்தபோது, செஞ்சிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். கோடைகாலம், ஏரி வறண்டு தண்ணீர் தேடி வந்த பெண் மான். தெருநாய்கள் துரத்தி, தொடையில் இரண்டு கடி. ஆழமில்லை, நாலு தையலில் முடிகிற காயம். ஆனால் நான் போவதற்குள் ஊரே திரண்டு அதைக் கொல்லைக்குக் கொல்லை துரத்திப் பிடித்து, கால்களைக் கட்டி, கோயில் திண்ணையில் போட்டிருந்தார்கள். சுற்றி அறுபது எழுபது பேர், கையில் போன். ஒரு அம்மாள் பாசத்தோடு சொம்பிலிருந்து வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், பாதி மூச்சுக்குழலுக்குப் போயிருக்கும். நான் பார்க்கும்போது அது சிறுநீர் கழித்தது. பால் கலக்காத காப்பி நிறம். பார்த்தவுடனே நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டேன். தையல் போட்டேன், ஊசி போட்டேன், ஏதோ செய்தேன். வனக்காவலர் வந்து சேர்ந்த கால் மணி நேரத்தில் கழுத்து சாய்ந்துவிட்டது.

அதற்குக் கேப்சர் மயோபதி என்று பெயர். பயந்து, அளவுக்கு மீறி ஓடி, பிடிபட்டுத் திமிறுகிறபோது தசைகள் வெந்தது போலச் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைத்து இதயத்தையும் தாக்குகிறது. சில மான் அன்றே சாகும், சில மான் நன்றாக நடந்து போய் நாலைந்து நாள் கழித்துச் சாகும். நாயைப் பார்த்தாலே போதும், கயிற்றில் கட்டிய நல்ல நாயா, கடிக்கிற நாயா என்று மானுக்குத் தெரியாது. சென்னை ஐஐடி வளாகத்தில் நாய்களுக்கும் மான்களுக்கும் நடந்த பஞ்சாயத்து பல வருஷமாகப் பத்திரிகையில் வருகிறதே, படித்திருப்பீர்கள். நம் மாவட்டத்தில் மானைக் காயப்படுத்துகிறவர்களின் வரிசையில் காருக்கு அடுத்தபடி நாய்தான்.

அதனால் அடுத்த சித்திரையில் மறுபடி ரோட்டில் மான் அடிபட்டால் என்ன செய்வீர்கள்? முதல் வேலை போன். உங்கள் வனச்சரக அலுவலக எண்ணை இப்போதே வாங்கிப் பதிந்து வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேடினால் கிடைக்காது. யாரும் எடுக்கவில்லையென்றால் 112. அடிபட்ட இடத்தில் ஒரு கல்லையோ கிளையையோ அடையாளம் வைத்து, மான் எந்தப் பக்கம் போனது, எந்தக் காலைத் தூக்கிக்கொண்டு போனது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடத்தில் ஆளை நடக்க விடாதீர்கள். உங்களோடு அன்று டார்ச் அடித்த நாலு பேரும் தடத்தை மிதித்து அழித்திருப்பார்கள் என்பதுதான் என் ஊகம். கோபித்துக்கொள்ளாதீர்கள். மான் கண்ணெதிரில் விழுந்து கிடந்தால் தூரத்திலிருந்தே கூட்டத்தை விலக்குங்கள். தொட்டே ஆக வேண்டிய நிலை, ரோட்டின் நடுவில் கிடக்கிறது என்றால், இருட்டான துணியைக் கண்ணை மூடிப் போட்டு, நிழலுக்கு நகர்த்தி, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கிற ஆசையும் வேண்டாம். உயிரோடோ செத்தோ, மான் அரசாங்கச் சொத்து. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும்.

செத்த மானிடம் நாயை நெருங்கவே விடக்கூடாது. நாய்க்கடி பட்ட மானுக்கு ரேபிஸ் இருக்கலாம். 2022 மார்ச்சில் அதே ஐஐடி வளாகத்தில் செத்த மானொன்றில் ஆந்த்ராக்ஸ் கண்டுபிடித்தார்கள். மூக்கை வைத்துப் பிழைக்கிற பிராணி அதன் அருகே மூக்கை வைத்தால் என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டுக் குட்டியைப் பழக்காதே என்று சொல்வேன் என்று நினைத்தீர்களா? பழக்குங்கள். தடம் பிடிப்பது போல நாய்க்கு நிம்மதி தருகிற விளையாட்டு வேறு கிடையாது. மானை விட்டுவிட்டு ஆளைத் தேடப் பழக்குங்கள். நம் ஊரில் மறதி வந்த பெரியவர்கள் சாயங்காலம் நடந்து போய்க் கரும்புக் கொல்லையில் வழி தவறுகிறார்கள், குழந்தைகள் திருவிழாவில் தொலைகிறார்கள். பக்கத்து வீட்டு ஆடுகூட அவ்வப்போது காணாமல் போகிறது. இதில் ஆட்டை மட்டும் கவனமாக யோசியுங்கள். ஆட்டு ரத்தத்தைச் சொட்டிப் பழக்கினால் கறிக்கடையிலேயே ஓசியில் கிடைக்கும், சுலபம். ஆனால் தெருவெல்லாம் ஆடு கட்டியிருக்கிற ஊரில், ஆட்டு ரத்தத்தின் பின்னால் போனால் பரிசு என்று ஒரு நாய்க்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடுகிற நாய். கன்னியும் ராஜபாளையமும் அப்படித்தான். நீண்ட முகம், ஒட்டிய வயிறு, தூரத்தில் அசைகிறதைப் பார்த்ததும் வில் தெறிக்கிற மாதிரிப் பாய்ச்சல். மூக்கு இல்லாமல் இல்லை, ஆனால் கண் முந்திக்கொள்ளும். மூக்கு வேலைக்கு லேப்ரடார், பீகிள், டேஷண்ட் எளிது. என்னைக் கேட்டால் குப்பைமேட்டில் பிறந்த நாட்டு நாய்க்குட்டிகூடச் சிப்பிப்பாறையைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். இருக்கட்டும், வாங்கியாயிற்று. மூன்று மாதத்தில் ஆரம்பித்தால் கண்ணுக்கு முன்னால் மூக்கைப் பழக்கிவிடலாம். பறக்கிற காக்காயையும் ஓடுகிற கோழியையும் துரத்திப் பழகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவே பாதி வெற்றி.

தடுப்பூசிகள் முடிந்த பிறகு விடியற்காலை ஐந்தரைக்குக் கொல்லைக்குப் போங்கள். குட்டி பட்டினியாக இருக்க வேண்டும். அதை வரப்போரம் வீட்டு ஆள் ஒருவரிடம் பிடிக்கக் கொடுங்கள். முதல் வாரத்துக்கு மட்டும் கோழி ஈரல் ஒரு துண்டை நூலில் கட்டி, பனி ஈரமிருக்கிற புல்லில் 20 மீட்டர் நேராக இழுத்துக்கொண்டே நடந்து, கடைசியில் அந்த ஈரலையே வைத்துவிட்டு, சுற்றி வளைத்துத் திரும்பி வாருங்கள். காற்று உங்கள் முதுகில் அடிக்கிற திசையில் நடக்க வேண்டும். எதிர்க்காற்றில் போட்டால் குட்டி தலையைத் தூக்கிக் காற்றிலேயே ஈரலைக் கண்டுபிடித்து நேராக ஓடிவிடும், தரையை மோக்கவே மோக்காது. பிறகு இந்த வேலைக்கென்று தனியாக வைத்திருக்கிற மார்பு பெல்ட்டைப் போடுங்கள். நடைக்குப் போகிற பெல்ட் வேறு, இது வேறு. ஒரு மாதத்தில் இந்தப் பெல்ட்டைக் கையில் எடுத்தாலே குட்டியின் முகம் மாறும், பள்ளிக்கூடப் பையை மாட்டிய பிள்ளை மாதிரி. தடம் தொடங்குகிற இடத்தில் புல்லைக் கொஞ்சம் மிதித்து வைத்திருப்பீர்கள். அங்கே கொண்டுபோய் விரலால் தரையைக் காட்டி "தேடு" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். நம் ஆட்கள் தோற்கிற இடம் இதுதான், "தேடுறா, தேடுறா, அங்க பாரு, அங்க" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். நாய் தரையை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து தடத்தில் ஈரலை இழுக்க வேண்டாம். பிள்ளைகளில் ஒருவர் தான் போட்டிருந்த பனியனைத் தொடக்கத்தில் போட்டுவிட்டு, கால்களைத் தேய்த்து நடந்து போய், கடைசியில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஈரலோடு உட்காரட்டும். தூரத்தைக் கூட்டுங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள், அல்லது ஒரு திருப்பம் வையுங்கள். ஒரே நாளில் இரண்டைக் கூட்டாதீர்கள். 20 மீட்டர் 50 ஆகி, 100 ஆகி, 300 ஆவதற்கு மூன்று நாலு மாதம் பிடிக்கும். தடம் போட்டு உடனே தேடுவதில் தொடங்கி, கால் மணி, அரை மணி, இரண்டு மணி, கடைசியில் ராத்திரி போட்ட தடத்தை விடிந்த பிறகு எடுப்பது வரை போகலாம். வாரத்துக்கு இரண்டு தடம் போதும். தினமும் போட்டால் சலித்துவிடும்.

திருப்பம் வருகிற இடத்தில் நாயைக் கவனியுங்கள், அது ஒரு அழகு. வேகமாகப் போய்க்கொண்டிருந்தது பத்தடி தாண்டிப்போய் நிற்கும். தலை மேலே வரும். வால் ஒரு மாதிரித் தயங்கும். திரும்பி வட்டமடிக்கும். அப்போது நீங்கள் கல் மாதிரி நிற்க வேண்டும், கயிற்றை மட்டும் தளர்த்திக் கொடுங்கள். ஒரு இடத்தில் மூக்கு "சட்" என்று தரையில் ஒட்டி, உடம்பு முழுக்க ஒரு தீர்மானம் வந்து, கயிறு விறைக்கும். அதுதான் தடம். தடம் எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அறியாமலே கை அந்தப் பக்கம் இழுக்கும், நாய் அதையும் கண்டுபிடித்து உங்கள் கையைப் படிக்கத் தொடங்கிவிடும். ஆகவே இரண்டு மாதம் கழித்து, உங்களுக்கே தெரியாமல் வேறொருவரைத் தடம் போடச் சொல்லுங்கள். அன்றைக்குத்தான் நாய் சரியா, நீங்கள் சரியா என்று தெரியும். பெரும்பாலும் நாய்தான் சரி.

கயிறு 10 மீட்டர் இருக்கட்டும். நைலான் வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும். தடித்த பருத்திக் கயிறு போதும். நுனியில் முடிச்சுப் போடாதீர்கள், வேலிக்காத்தான் முள்ளில் அந்த முடிச்சுதான் முதலில் மாட்டும்.

நம் ஊர் வெயிலைப் பற்றி ஜெர்மானியர்கள் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிற நாயால் ஒழுங்காக மோக்க முடியாது, வாய் வழியாக உடம்பைக் குளிர்விக்கவே அதன் மூச்சு செலவாகிவிடும். ஏழு மணிக்குள் கடையைக் கட்டிவிடுங்கள். பங்குனி, சித்திரையில் விட்டுவிட்டு ஐப்பசிக்குப் பிறகு மறுபடி எடுத்தாலும் குடி முழுகாது. மார்கழிப் பனியில் தடம் நன்றாக நிற்கும். தார் ரோட்டில் சீக்கிரம் செத்துவிடும். இதையெல்லாம்விட எனக்குப் பயம் கொல்லைக் கிணறுதான். சுற்றுச்சுவர் இல்லாமல் தரையோடு தரையாக, ஓரத்தில் புல் மூடிக் கிடக்கும். நாய் மூக்கைத் தரையில் வைத்துப் போகும்போது கண் தெரியாது, கயிற்றின் மறுமுனையில் நீங்களும் நாயையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தெரியாத கொல்லையில் இறங்கும் முன் சொந்தக்காரரிடம் கிணறு எங்கே என்று கேளுங்கள். பன்றிக்கு மின்சாரம் வைத்திருக்கிறாரா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். வைப்பது குற்றம், ஆனாலும் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் காதுக்குள், விரலிடுக்கில் உண்ணி பாருங்கள்.

காப்புக்காட்டுக்குள் நாயோடு அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள், நல்ல எண்ணத்தோடு போனேன் என்பது அங்கே எடுபடாது. காட்டு வேலைக்கான மோப்ப நாய்களின் வழி வேறு. டிராஃபிக் என்ற அமைப்பு 2008-இல் தொடங்கிய திட்டத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு, பெல்ஜியன் மேலினோய் நாய்களைக் குவாலியர் பக்கத்தில் தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்தில் பழக்கினார்கள். ஒரு நாய்க்கு இரண்டு வனக்காவலர்கள் கூடவே பயிற்சி எடுப்பார்கள். புலித்தோல், எலும்பு, கரடிப் பித்தம் போன்ற கடத்தல் பொருளைக் கண்டுபிடிப்பது அவற்றின் முதல் வேலை, வேட்டைக்காரன் தடத்தைப் பிடிப்பது அடுத்தது. 2021-இல் கூடலூர், மசினகுடி பக்கம் டி23 என்று எண்ணிட்ட புலியைத் தேடினார்களே, அதிலும் மோப்ப நாய்கள் போயின. கும்கி யானை, டிரோன் எல்லாம் கூட இருந்தும் மூன்று வாரம் ஆயிற்று, அக்டோபர் 15 அன்றுதான் உயிரோடு பிடித்தார்கள். நீங்களும் உதவ ஆசைப்பட்டால், நாய் 300 மீட்டர் தடத்தைத் தப்பில்லாமல் எடுக்கிற நாளில் வனச்சரகரிடம் போய் எடுத்துக் காட்டுங்கள். அவர் அழைத்தால், அவர் ஆட்கள் கூட இருந்தால், போகலாம். அழைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள்.

நாயைத் தவிர இன்னொரு வழியும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. திண்டிவனம் பக்கம் இருளர் குடும்பங்கள் நிறைய. மண்ணில் ஒரு கீறலைப் பார்த்து எலியா, பாம்பா, எப்போது போனது என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு தேட அழைத்துப் போனார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரோடு நாலு காலை நடந்து பாருங்கள். நாய் நின்ற இடத்தில் ஏன் நின்றது என்று அப்புறம் உங்களுக்கே புரியும்.

பெயர் கேட்டிருந்தீர்கள். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் குகைக்கோயில் குடைந்த மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. கருந்தேவகத்தி என்ற வீரன் செத்தபோது, கள்ளரைக் கடித்துக் காவலாக நின்ற அவனுடைய நாயையும் கல்லில் செதுக்கி, பெயரையும் வெட்டி வைத்தார்கள். கோவிவன். கூப்பிட நாலெழுத்து நீளம்தான், கோவி என்று சுருக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் நாளையிலிருந்து அந்த ஒரே பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஆளுக்கொரு பெயர் சொன்னால் அது எதற்கும் திரும்பாது.